அயலகத்துப் போரும் ஆசியான் சங்கமும்

அயல்வீட்டின் கூரை தீப்பற்றி எரியும்போது அறிவுடைய குடியானவன் இரண்டு காரியங்களைச் செய்வான். தன் வீட்டுக் கூரையை நனைத்துக்கொள்வான். பின்னர் நீர்க்குடத்தை எடுத்துக்கொண்டு அயலவனின் முற்றத்துக்கு ஓடுவான். நாடுகளின் வாழ்விலும் இந்நியதி பொருந்துவதே. ஆயினும், வீட்டுக்குத் தீயிட்டவன் வீட்டுக்காரனேயாக, தீயணைக்க வந்தேன் என்று உள்ளே புகுந்த மற்றோர் அயலவன் தீ அணைந்த பின்னரும் வெளியேறாது அங்கேயே தங்கிவிடுவானாயின் ஊரார் என் செய்வது? தீயிட்டவனுக்காகப் பரிந்து பேசுவதா? உட்புகுந்தவனை வாழ்த்துவதா? இத்தகைய இக்கட்டிலே தென்கிழக்காசிய நாடுகள் சில ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் அகப்பட்டிருந்தன. அவை அவ்விக்கட்டினின்று மீண்ட விதமும், மீண்ட பின்னர் அதே அயலவர்களைத் தம் சங்கத்தில் அங்கத்தவராக ஏற்றுக்கொண்ட விதமும் அண்மைக்கால ஆசிய வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கன.

தென்கிழக்காசிய நாடுகளின் சங்கம் என்பதே அச்சபையின் முழுப்பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதனை ‘ஆசியான்’ என வழங்குவர். 1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 8ஆந் திகதி தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கிலே ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடி அதன் பிரகடனத்திற் கைச்சாத்திட்டனர். இந்தோனீசியாவின் ஆதம் மாலிக், மலேசியாவின் துன் அப்துல் ரசாக், பிலிப்பைன்ஸின் நார்சிசோ ராமோஸ், சிங்கப்பூரின் எஸ். இராசரத்தினம், தாய்லாந்தின் தனற் கோமன் ஆகியோரே அவ்வைவர். இவர்களுள் இராசரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலே பிறந்து, மலாயாவிலே வளர்ந்தவர் என்பதை நேயர் பலர் அறிந்திருப்பர்.

இவ்வைந்து நாடுகளும் ஒருவரையொருவர் நம்பிக் கூடியவை என்று எண்ணுதல் தவறு. இந்தோனீசியா 1963 முதல் 1966 வரை மலேசியாவை நசுக்குவோம் என்று முழங்கி, எல்லையிற் படைமோதல் நடத்தியது. சபா மாகாணம் தனக்கே உரியது என்று பிலிப்பைன்ஸ் வாதாடிவந்தது. சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே, அயலவனோடு பூசலிட்டு அலுத்தவர்கள், இனியேனும் பூசலைத் தவிர்க்க ஒரு திண்ணை வேண்டும் என்று கருதிக் கட்டிய சங்கம் இது எனலாம். பிரகடனத்திலே இராணுவ உடன்படிக்கை எதுவும் இல்லை. பொருளாதாரம், கல்வி, பண்பாடு என்பனவே அதில் முன்வைக்கப்பட்டன. ஆயினும் ஒரு வாசகம் நினைவிற் கொள்ளத்தக்கது. சங்கத்தின் நோக்கங்களை ஏற்கும் தென்கிழக்காசிய நாடுகள் அனைத்துக்கும் அதன் வாயில் திறந்திருக்கும் என்று பிரகடனம் கூறிற்று. வாயிலைத் திறந்துவைத்தவர்கள், அதன் வழியே யார் வருவார் என்பதை அன்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

ஏனெனில், அன்று அயலிலே பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. வியட்நாம் வடக்கென்றும் தெற்கென்றும் பிளவுபட்டு, தெற்கிலே அமெரிக்கப் படைகள் குவிந்திருந்தன. சங்கத்தின் அங்கத்தவர்களும் அப்போரில் முற்றாக நடுநிலை வகித்தாரல்லர். தாய்லாந்தின் விமானத்தளங்களிலிருந்து எழுந்த அமெரிக்க விமானங்கள் வியட்நாமிலும் லாவோசிலும் குண்டு பொழிந்தன. பிலிப்பைன்ஸின் கிளார்க், சூபிக் குடாத் தளங்கள் அப்போருக்குப் பின்புலமாயின. இவ்விரு நாடுகளும் தென்வியட்நாமுக்குத் தம் படைப்பிரிவுகளையும் அனுப்பின. ஆகையால் ஹனோய் அரசு ஆசியான் சங்கத்தை அமெரிக்காவின் மறைமுகமான போர்க்கூட்டு என்றே கருதிற்று. 1971ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஐந்து நாடுகளும் கோலாலம்பூரிற் கூடி, தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலைமையும் கொண்ட வலயமாதல் வேண்டும் என்று பிரகடனஞ் செய்தபோதும் அவ்வையம் நீங்கிற்றில்லை.

1975ஆம் ஆண்டு நிலைமையைத் தலைகீழாக்கிற்று. ஏப்ரல் 17ஆந் திகதி கம்போடியாவின் தலைநகராகிய நொம்பென் கெமர் ரூஜ் படையினரின் கையில் வீழ்ந்தது. ஏப்ரல் 30ஆந் திகதி சைகோன் வீழ்ந்தது. ஆண்டு முடிவதற்குள் லாவோசும் பொதுவுடைமையாளர் ஆட்சிக்குட்பட்டது. அச்சத்தினால் உந்தப்பட்ட ஆசியான் தலைவர்கள் 1976ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் பாலித் தீவிலே முதன்முறையாக உச்சிமகாநாடு கூடினர். அங்கே கைச்சாத்தான நட்புறவு, ஒத்துழைப்பு உடன்படிக்கை மூன்று கொள்கைகளை வற்புறுத்திற்று: பிறநாட்டின் இறைமையை மதித்தல், உள்விவகாரங்களிலே தலையிடாமை, பூசல்களைப் படைபலத்தாலன்றிப் பேச்சினால் தீர்த்தல். ஏனைய தென்கிழக்காசிய நாடுகளும் அவ்வுடன்படிக்கையிற் சேரலாம் என்று விதிக்கப்பட்டது. அச்சமுற்றவர் அரண் கட்டுவதே இயல்பு. இவர்களோ அரணுக்கு ஈடாக ஓர் ஒழுக்க விதியை எழுதிவைத்து, அதனை அயலவர் முன்னே நீட்டினர். அவ்விதிக்குச் சோதனை மூன்றாண்டுகளுக்குள்ளேயே வந்தது.

கம்போடியாவிலே போல் பொட்டின் தலைமையில் கெமர் ரூஜ் நடத்திய ஆட்சி மனித வரலாற்றின் மிகக் கொடிய பக்கங்களுள் ஒன்று. நகரமக்கள் அனைவரும் வயல்களுக்கு ஓட்டப்பட்டனர். பணமும் சந்தையும் பள்ளிக்கூடமும் வழிபாட்டிடமும் ஒழிக்கப்பட்டன. கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் 4 ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் மாண்டவர் தொகை 15 இலட்சத்துக்கும் 20 இலட்சத்துக்கும் இடைப்பட்டது என்பது ஆய்வாளர் கணிப்பு. அதே ஆட்சி வியட்நாமின் எல்லைக் கிராமங்களையும் மீண்டும் மீண்டும் தாக்கி மக்களைக் கொன்றது. 1978ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வியட்நாமின் பிரதமர் பாம் வான் டொங் ஆசியான் தலைநகரங்களுக்குச் சென்று, அந்நாடுகளிலுள்ள கிளர்ச்சியாளருக்குத் தம் அரசு உதவாது என்று உறுதி கூறினார். அந்த ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி வியட்நாம் சோவியத் ஒன்றியத்தோடு நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டது. டிசெம்பர் 25ஆந் திகதி வியட்நாமின் படைகள் பெருந்தொகையாகக் கம்போடியாவினுட் புகுந்தன. 1979ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் திகதி நொம்பென் அவர்கள் வசமாயிற்று. போல் பொட்டின் கூட்டத்தார் தாய்லாந்தின் எல்லைக் காடுகளுக்கு ஓடினர். நொம்பெனிலே ஹனோயின் ஆதரவோடு ஹெங் சம்ரின் தலைமையில் ஓர் அரசு நிறுவப்பட்டது.

ஆசியான் நாடுகளின் வெளிநாட்டு அமைச்சர்கள் ஐந்து நாட்களின் பின், ஜனவரி 12ஆந் திகதி, பாங்கொக்கிலே அவசரமாகக் கூடினர். படையெடுப்பைக் கண்டித்தனர், அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று கோரினர். அவர்கள் வாதம் எளியது. ஓர் அரசு எத்துணைக் கொடியதாயினும், அதனைப் பிறநாட்டுப் படை நுழைந்து நீக்கித் தனக்கிசைந்த அரசினை நிறுவலாம் என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டால், பெருநாடுகளின் அருகே வாழும் சிறுநாடுகளுக்குக் காப்பேது? சிங்கப்பூர் போன்ற சின்னஞ்சிறு தேசத்துக்கு இது வெறுங் கொள்கைப் பேச்சன்று, உயிர்நிலைப் பிரச்சினை. 1980 வரை அந்நாட்டின் வெளிநாட்டமைச்சராயிருந்த இராசரத்தினம் சர்வதேச அரங்குகளில் இவ்வாதத்தை மிகக் கூர்மையாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர். தாய்லாந்துக்கோ அபாயம் வாயிலிலேயே நின்றது. பல நூற்றாண்டுகளாகத் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் இடையே கம்போடியா ஒரு வரப்புப் போல இருந்துவந்தது. இப்போது அவ்வரப்பு அழிந்து, வியட்நாமியப் படை தாய்லாந்தின் எல்லையோரத்திலே பாசறை அமைத்தது.

மறுதரப்பின் வாதமும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. கொலைக்களமாகக் கிடந்த நாட்டிலே அக்கொலையை நிறுத்தியவர் வியட்நாமியரே. உலகத்துச் சபைகள் யாதும் அதனைச் செய்தில. உயிர் தப்பிய கம்போடிய மக்களிற் பலருக்கு ஜனவரி 7ஆந் திகதி மீட்சி நாளாகவே தோன்றிற்று. சட்டத்தை நோக்கினால் ஆசியானின் பக்கம் நியாயம்; மாண்டவர்களின் எலும்புக் குவியலை நோக்கினால் அந்நியாயம் வாயடைத்து நிற்கும்.

போர்க்களத்திலே இறங்கும் வலியோ விருப்பமோ ஆசியானுக்கு இல்லை. ஆகையால் அது ஐக்கிய நாடுகள் சபையையே தன் களமாகக் கொண்டது. 1979ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பாதுகாப்புச் சபையிலே அந்நியப் படை விலகவேண்டும் என்ற நகல் தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவளித்தும், சோவியத் ஒன்றியத்தின் வீட்டோ அதனைத் தடுத்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கம்போடியாவின் ஆசனம் எவ்வரசுக்கு உரியது என்ற வினா பொதுச்சபையில் எழுந்தது. 71 நாடுகள் வீழ்ந்துபோன போல் பொட் அரசின் பிரதிநிதிக்கே ஆசனம் உரியது என வாக்களித்தன. 35 நாடுகள் எதிர்த்தன. 34 நாடுகள் வாக்களியாது விலகி நின்றன. நவம்பர் மாதத்திலே, அந்நியப் படைகள் யாவும் விலகவேண்டும் என ஆசியான் முன்னின்று கொணர்ந்த தீர்மானத்துக்கு 91 நாடுகளின் ஆதரவு கிடைத்தது. ஆண்டுதோறும் அத்தீர்மானம் மீளவும் கொண்டுவரப்பட்டது. பத்தாண்டுக்குள் ஆதரித்த நாடுகளின் தொகை 120ஐக் கடந்தது. சிறுநாடுகள் ஐந்து கூடி, பேச்சையும் பொறுமையையும் மட்டுமே கருவியாகக் கொண்டு, ஒரு பெரும் படைபலமுள்ள தேசத்தை உலக அரங்கிலே தனிமைப்படுத்திய வரலாறு இது.

எனினும் அதற்குக் கொடுத்த விலையை மறைத்தலாகாது. தன் மக்களையே கொன்று குவித்த கூட்டத்தாரின் கொடி நியூயோர்க்கிலே தொடர்ந்து பறந்தது. நொம்பென் அரசை ஏற்காத நாடுகள் அந்நாட்டின் புனர்வாழ்வுக்கான உதவியையும் நிறுத்திக்கொண்டன. சீனாவின் ஆயுதங்கள் தாய்லாந்தின் வழியே எல்லைக் காடுகளிலிருந்த கெமர் ரூஜினரை அடைந்தன. அவர்கள் மீண்டும் படைதிரட்டினர். ஒரு கொள்கையைக் காக்கும் பொருட்டு, அக்கொள்கைக்குச் சற்றும் தகுதியில்லாத கூட்டத்துக்கு நிழல் கொடுக்க நேர்ந்தது.

இந்த இழுக்கை ஓரளவேனும் துடைக்கக் கருதிய ஆசியான் தலைவர்கள், மன்னராயிருந்த நொரடம் சிஹானூக்கையும், முன்னாட் பிரதமராகிய சொன் சானையும் கெமர் ரூஜினரோடு சேர்த்து 1982ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோலாலம்பூரிலே ஒரு கூட்டரசை அமைப்பித்தனர். சிஹானூக் தலைவர், சொன் சான் பிரதமர், கெமர் ரூஜின் கியூ சம்பான் உபதலைவர். சிஹானூக்கின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் கெமர் ரூஜ் ஆட்சியிலேயே மாண்டவர்கள். அவர் அக்கூட்டத்தாரோடு ஒரே மேடையிலே நிற்க நேர்ந்ததொன்றே அந்த ஏற்பாட்டின் கொடுமையை உணர்த்தப் போதியது. அக்கியூ சம்பான் பல்லாண்டுகளின் பின் கம்போடியாவில் அமைந்த சிறப்பு நீதிமன்றத்தினால் மனிதகுலத்துக்கெதிரான குற்றங்களுக்காகவும் இனவழிப்புக்காகவும் ஆயுட்சிறைத் தண்டனை பெற்றார். 2022ஆம் ஆண்டு மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு உறுதியாயிற்று.

போரின் சுமை அகதிகளின் வடிவிலும் வந்தது. 1979ஆம் ஆண்டிலே சிறு படகுகளில் ஏறி வியட்நாமைவிட்டு வெளியேறியவர்கள் மலேசியா, இந்தோனீசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் கரைகளை ஆயிரக்கணக்கில் அடைந்தனர். அந்த ஆண்டின் நடுப்பகுதியில், இனிப் புதியவர்களை ஏற்கமாட்டோம் என்று ஆசியான் நாடுகள் அறிவித்துவிட்டன. கடலிலேயே திருப்பப்பட்ட படகுகள் பல. தாய்லாந்து 40,000க்கும் மேற்பட்ட கம்போடிய அகதிகளைப் பிரீயா விகியார் மலைச்சரிவின் வழியே, கண்ணிவெடிகள் புதைந்த நிலத்துக்குள் திருப்பித் துரத்தியது. அங்கே மாண்டவர் பலர். ஜூலை மாதத்தில் ஜெனீவாவிலே கூடிய சர்வதேச மகாநாட்டில் மேலைநாடுகள் தாம் குடியமர்த்த ஒப்பிய அகதிகளின் தொகையை 125,000 இலிருந்து 260,000 ஆக உயர்த்திய பின்னரே கரைகள் மீண்டும் திறந்தன. நவம்பரில் தாய்லாந்து தன் எல்லையினுள்ளே காவோ-ஈ-டாங் என்னுமிடத்திலே பெரியதோர் அகதி முகாமை அமைக்க இணங்கிற்று. உடன்படிக்கைகளும் தீர்மானங்களும் ஆவணங்களில் ஒழுங்காகத் தோன்றினாலும், அவற்றின் அடியிலே இம்மக்களின் துயரம் கிடந்தது என்பதை மறத்தல் கூடாது.

சங்கத்தினுள்ளேயும் கருத்து ஒன்றாயிருக்கவில்லை. தாய்லாந்தும் சிங்கப்பூரும் வியட்நாமையே முதற்பகை எனக் கண்டன. இந்தோனீசியாவும் மலேசியாவுமோ, நெடுங்காலப் பேரபாயம் வடக்கிலுள்ள சீனாவினின்றே வரும். வியட்நாமை வருத்தி வலுவிழக்கச் செய்தால் அதன் பயன் சீனாவுக்கே சேரும் என்று எண்ணின. 1980ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சுகார்த்தோவும் ஹுசெயின் ஒன்னும் குவாந்தானிற் சந்தித்து, வியட்நாம் சோவியத், சீனா ஆகிய இரண்டின் பிடியினின்றும் விலகி நிற்குமாயின் அதன் பாதுகாப்புக் கவலைகளும் மதிக்கப்படும் என்ற கருத்தை வெளியிட்டனர். தாய்லாந்து அதனை விரும்பவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் வியட்நாமியப் படையினர் தாய்லாந்தின் எல்லையைத் தாண்டித் தாக்கியமையால் அம்முயற்சி முளையிலேயே கருகிற்று. போர்முனையில் நிற்கும் அங்கத்தவனின் சொல்லுக்கே ஏனையோர் முதன்மை கொடுத்தனர். ஆயினும் ஹனோயோடு பேசும் ஒரு வழியை இந்தோனீசியா அடைத்துவிடவில்லை. ஒரு கை கதவைத் தாழிட, மற்றொரு கை சாளரத்தைத் திறந்துவைத்தது. பிற்காலத்திற் சமாதானம் அச்சாளரத்தின் வழியாகவே வந்தது.

1984ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற் புதிதாகச் சுதந்திரமடைந்த புரூணை சங்கத்தின் ஆறாவது அங்கத்தவராயிற்று. அடுத்த கோடைப் போரிலே, 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வியட்நாமியப் படைகள் எல்லையோரத்திலிருந்த எதிர்ப்புப் படைகளின் முகாம்களை அழித்தன. 2 இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் தாய்லாந்தினுள் ஓடினர். களத்தில் வெற்றி வியட்நாமுக்கே; வீட்டிலோ வறுமை வாட்டியது. வணிகத் தடைகள், சீன எல்லையிலே ஓயாத மோதல், கம்போடியாவிலே பெரும்படை வைத்துப் பராமரிக்கும் செலவு என்பன அந்நாட்டை நலிவித்தன. 1986ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே சோவியத் தலைவர் கொர்பச்சேவ் சீனாவோடு இணக்கம் நாடும் கொள்கையை விளாடிவொஸ்தொக்கில் அறிவித்தார். அந்த ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வியட்நாமின் பொதுவுடைமைக் கட்சி ‘தோய் மோய்’ எனப்படும் பொருளாதாரச் சீர்திருத்தத்தை மேற்கொண்டது. சந்தையைத் திறக்க விரும்புவோர் போரை முடித்தேயாகவேண்டும் என்பது அவர்களுக்குப் புலனாயிற்று.

1987ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்தோனீசிய வெளிநாட்டமைச்சர் மொக்தார் குசுமாத்மஜாவும் வியட்நாமிய வெளிநாட்டமைச்சர் நுயென் கோ தாக்கும் ஹோ சி மின் நகரில் ஓர் உபாயத்தில் இணங்கினர். ஒருவரையொருவர் அங்கீகரியாத கம்போடியக் கட்சியினர் முதலிற் சடங்கு முறைகளில்லாத விருந்தொன்றிற் கூடிப் பேசுவது. பின்னர் வியட்நாமும் அயல்நாடுகளும் வந்து சேர்ந்துகொள்வது. அவ்வாறே 1988ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்தோனீசியாவின் போகோர் நகரிலே நான்கு கட்சியினரும் முதன்முறையாக ஒரே மண்டபத்தில் அமர்ந்தனர். அடுத்த மாதம் தாய்லாந்திற் பிரதமரான சாத்திச்சாய் சூனவான், இந்தோசீனப் போர்க்களங்களைச் சந்தைகளாக மாற்றவேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தார். கடுநிலை வகித்த தாய்லாந்தே இவ்வாறு திரும்பியமை நண்பர்களையும் வியப்பில் ஆழ்த்திற்று. 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வியட்நாம் தன் படைகளைக் கம்போடியாவினின்று மீட்டுக்கொண்டது.

பின்னர் பாதுகாப்புச் சபையின் நிரந்தர அங்கத்தவர் ஐவரும் பொறுப்பேற்று உடன்பாட்டை வகுத்தனர். பிரான்சும் இந்தோனீசியாவும் இணைத்தலைமை வகித்த பாரிஸ் மகாநாட்டில் 1991ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 23ஆந் திகதி சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஐக்கிய நாடுகள் சபை ஏறத்தாழ 22,000 பேரைக் கம்போடியாவுக்கு அனுப்பி, எல்லை முகாம்களிலிருந்த 360,000 பேர் வரையில் ஊர் திரும்ப வழிசெய்து, 1993ஆம் ஆண்டு மே மாதத்திலே தேர்தலை நடத்திற்று. கெமர் ரூஜினர் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். மக்களோ பதிவானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்தினர் வரை வரிசையில் நின்று வாக்களித்தனர்.

போர் முடிந்தது; இனிப் பகைவனோடு எவ்வாறு வாழ்வது? ஆசியான் கொடுத்த விடை, அவனையும் சங்கத்திற் சேர்த்துக்கொள்வது என்பதே. 1992ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வியட்நாமும் லாவோசும் மணிலாவிலே பாலி உடன்படிக்கையில் இணைந்து பார்வையாளர் நிலையைப் பெற்றன. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் எந்த விதியை மீறியதாக வியட்நாம் கண்டிக்கப்பட்டதோ, அதே விதிக்குத் தன் கையொப்பத்தை இட்டது. 1995ஆம் ஆண்டு ஜூலை 28ஆந் திகதி, புரூணையின் தலைநகரிலே, அது ஏழாவது அங்கத்தவராயிற்று. அம்மாதத்திலேயே அமெரிக்காவும் அதனோடு இராஜதந்திர உறவை ஏற்படுத்திக்கொண்டது. இரு தரப்பாருக்கும் இதில் ஆதாயம் இருந்தது. சோவியத் ஒன்றியம் மறைந்தபின் வியட்நாமுக்குத் துணையும் சந்தையும் வேண்டியிருந்தன. ஆசியானுக்கோ, தென்சீனக் கடலிலே சீனாவின் உரிமைக்கோரிக்கை வளர்ந்துவரும் வேளையில், தென்கிழக்காசியா முழுவதும் ஒரே குரலிற் பேசுவது பாதுகாப்பாகத் தோன்றிற்று.

பகையிலிருந்து உறவுக்கு வந்த இவ்வழி எல்லா அயலவருக்கும் ஒரேவிதமாகப் பயன்பட்டதா என்பது வேறு வினா. 1997ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லாவோசையும் மியன்மாரையும் கம்போடியாவையும் ஒருங்கே சேர்த்துப் பத்தாக்கிவிடலாம் என்று திட்டமிடப்பட்டிருந்தது. அம்மாதத் தொடக்கத்திலே கம்போடியாவின் இரு பிரதமர்களுள் ஒருவராகிய ஹுன் சென் மற்றவராகிய ரணரித்தைப் படைபலத்தால் அகற்றினார். ஆசியான் கம்போடியாவின் சேர்க்கையை ஒத்திவைத்து, மூன்று வெளிநாட்டமைச்சர்களை அங்கே அனுப்பிற்று. 1998ஆம் ஆண்டு தேர்தல் நடந்து, கூட்டரசு அமைந்து, செனட் சபையும் உருவான பின்னரே, 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி கம்போடியா ஹனோயில் அங்கத்துவம் பெற்றது. எந்நகரிலிருந்து அந்நாட்டின்மீது படை புறப்பட்டதோ, அந்நகரிலேயே அதற்கு வரவேற்பு நடந்தமை காலத்தின் விந்தை.

மியன்மாருக்கோ அத்தகைய நிபந்தனை விதிக்கப்படவில்லை. இராணுவ ஆட்சி நடக்கும் நாட்டை ஏற்றல் தகாது என்று மேலைநாடுகள் எதிர்த்தும், உள்ளே அழைத்துக்கொண்டாற் பையத் திருத்தலாம் என்ற நம்பிக்கையில் அது 1997இல் லாவோசோடு சேர்க்கப்பட்டது. அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. 2017ஆம் ஆண்டு 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்யா மக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினர். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்ற, நாடு உள்நாட்டுப் போரில் ஆழ்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆசியான் தலைவர்கள் ஜகார்த்தாவிற் கூடி ஐந்து அம்ச இணக்கத்தை அறிவித்தனர். இராணுவத் தலைவர் அதனைச் செயற்படுத்தாமையால் உச்சிமகாநாட்டுக்கு அவர் அழைக்கப்படவில்லை. அதற்குமேல் அழுத்தங் கொடுக்கச் சங்கத்தின் விதிகள் இடந்தரவில்லை. கம்போடியாவில் அயலவன் படையை எதிர்க்க உதவிய அதே தலையிடாக் கொள்கை, சொந்தப் படையே மக்களை வருத்துமிடத்திற் கைகளைக் கட்டிவிட்டது.

அங்கத்தவர்களுக்கிடையே போரே நிகழாது என்ற நம்பிக்கையும் குலைந்தது. பிரீயா விகியார் கோயிலையொட்டிய எல்லைத் தகராற்றிலே தாய்லாந்தும் கம்போடியாவும் 2011ஆம் ஆண்டிலும், மேலும் கடுமையாக 2025ஆம் ஆண்டிலும் மோதிக்கொண்டன. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்து மோதலை நிறுத்தும் பேச்சுக்கு அவ்வாண்டு சங்கத்தின் தலைமையை வகித்த மலேசியா இடமளித்தும், டிசெம்பரில் மீண்டும் பீரங்கிகள் முழங்கின. அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் 26ஆந் திகதி, ஒருகாலத்தில் இந்தோனீசியாவின் ஆக்கிரமிப்பிலே 24 ஆண்டுகள் துன்புற்ற கிழக்குத் திமோர், அவ்விந்தோனீசியாவும் வரவேற்க, சங்கத்தின் பதினோராவது அங்கத்தவராயிற்று.

இவ்வரலாற்றை நோக்குவோர் இரண்டு உண்மைகளை ஒருங்கே கைக்கொள்ளல் வேண்டும். சிறுநாடுகள் ஒற்றுமையாலும் விடாமுயற்சியாலும் வலிய அயலவனைப் பேச்சு மேடைக்குக் கொணரலாம். பகை தணிந்தபின் அவனை உறவாகவும் ஆக்கலாம். வியட்நாம் இதற்குச் சான்று. ஆனால், சங்கத்தில் ஓர் ஆசனம் கொடுப்பதனால் மட்டும் ஓர் அரசு தன் மக்களை நடத்தும் முறை திருந்திவிடாது. மியன்மார் அதற்குச் சான்று. வியட்நாம் வாயிலினுள் வருமுன் தன் படையை மீட்டது. கம்போடியா தேர்தலை நடத்திக்காட்டியது. மியன்மாரிடமோ எதுவும் கேட்கப்படவில்லை. வாயிலுக்கு வெளியே நிற்பவனிடம் கேட்கக்கூடியதை, உள்ளே வந்து அமர்ந்தவனிடம் கேட்பது அரிது.

இலங்கை அச்சங்கத்தின் அங்கத்தவரன்று. எனினும் 2007ஆம் ஆண்டு பாலி உடன்படிக்கையில் இணைந்து, அதே ஒழுக்க விதிக்குத் தானும் உடன்பட்டிருக்கிறது. பிற இடங்களிலும், போரில் ஈடுபட்ட அயல்நாட்டைத் தம் கூட்டில் ஏற்பதா, எப்போது ஏற்பது, எந்த நிபந்தனையோடு ஏற்பது என்ற வினாக்கள் எழுந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றுக்கு விடைகாண முனைவோர் ஹனோயையும் நொம்பெனையும் மட்டும் நினைத்தாற் போதாது. பிரீயா விகியார் மலைச்சரிவிலே துரத்தப்பட்ட அகதிகளையும் நினைத்தல் வேண்டும். அயலகத்துத் தீயிலே வெந்தவர்கள் அவர்கள். மகாநாட்டு மண்டபங்களில் அவர்களுக்கென ஆசனம் எதுவும் இருந்ததில்லை.